முதலில் பிரஷ், அப்புறம் ஏர்பிரஷ்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து 23 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பென்சிலில் ஓரளவு முகம் வரைவேன். கையால் போர்டு எழுதவும், ஏர்பிரஷில் (காற்றால் பெயிண்டைத் தெளிக்கும் பேனா போன்ற கருவி) உருவப்படம் போடவும் கற்றுக்கொள்ள ஆசை. எதில் தொடங்குவது, என்ன வாங்குவது, கடலூர், புதுச்சேரிப் பக்கம் எங்கே கற்பது, ஃப்ளெக்ஸ் வந்த பிறகு இதில் பிழைக்க முடியுமா?

தம்பி, ஏர்பிரஷ் கன் வாங்க எடுத்து வைத்திருக்கும் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதல் ஆறு மாதம் எழுத்துதான். இரண்டும் பெயிண்ட் வேலை என்றாலும் கைக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு வேறு. போர்டு எழுத்தில் எல்லாம் ஓரம். எழுத்தின் விளிம்பு கத்தி வைத்து வெட்டியதாக நிற்க வேண்டும். ஏர்பிரஷில் ஓரமே கிடையாது, தானாக எல்லாம் கரையும். ஓரம் பிடிக்கத் தெரியாமல் நேராகக் கன்னைத் தூக்குகிறவர்கள் போடும் முகங்களைப் பார்த்திருப்பீர்கள்: கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் ஊதிய பலூன் போல வழவழவென்று இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். மூக்கு நுனிக்குக் கீழே விழும் நிழலுக்கு ஒரு பக்கம் கெட்டியான ஓரம் வேண்டும், கன்னத்து நிழலுக்கு வேண்டாம். எங்கே வைப்பது, எங்கே கரைப்பது என்ற அந்த முடிவு எழுதிப் பழகிய கைக்குச் சீக்கிரம் வருகிறது.

எழுத்துக்கு வாங்க வேண்டியது கொஞ்சம்தான். கால் அங்குலம், அரை அங்குலம், முக்கால் அங்குலத்தில் ஃப்ளாட் பிரஷ் ஒவ்வொன்று; முடி நீளமாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும், சுவருக்கு அடிக்கும் பன்றி முடி பிரஷ் எனாமல் எழுத்துக்கு ஆகாது. கோடு போட ஒரு மெல்லிய ரவுண்டு பிரஷ். கறுப்பு, வெள்ளை, சிவப்பு சிந்தெடிக் எனாமல் சின்ன டப்பாவில். அதைக் கரைக்க மினரல் டர்பென்டைன். கை ஊன்ற, முனையில் துணி சுற்றிய ஒரு மூன்றடிக் குச்சி. பழகுவதற்குத் தகடு வாங்க வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டுக்கு அடியில் கோடு போட்ட தாளை வையுங்கள், மேலே எழுதுங்கள், டர்பென்டைன் துணியால் துடையுங்கள், மறுபடி எழுதுங்கள். செய்தித்தாளும் நல்லது. பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் பத்திகளே இரட்டைக் கோடாகிவிடும்.

பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கி அப்படியே எழுதக் கூடாது. வழவழப்பான காலண்டர் அட்டையில் இரண்டு பக்கமும் தேய்த்து, முடியெல்லாம் ஒன்றாகி உளி முனைபோல் வரும்வரை தட்டையாக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் கோடு இழுபடும், அதிகமாகக் கரைத்தால் ஓரம் வழியும். இழுக்கும்போது பிரஷ் சிக்காமல் வர வேண்டும், எழுதிய கோடு ஒரே ஓட்டத்தில் அடியை மறைக்க வேண்டும், அதுதான் பதம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காம்பைப் பிடித்து, வளைவு வரும்போது மணிக்கட்டைத் திருப்பாமல் காம்பை விரலுக்குள் உருட்டுங்கள். எப்போதும் இழுங்கள், தள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் டர்பென்டைனில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, முடியில் கொஞ்சம் எண்ணெய் தடவி உளி முனையாகவே படுக்க வைத்துவிடுங்கள். டப்பாவுக்குள் தலைகீழாக நிற்க வைத்த பிரஷ் ஒரே இரவில் கோணிவிடும்.

இனி எழுத்து. இணையத்தில் கிடைக்கும் லெட்டரிங் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கானவை. அவற்றில் பிரஷ் பிடிக்கக் கற்கலாம், தமிழ் எழுதக் கற்க முடியாது. அகர வரிசையிலும் பழகாதீர்கள், அது பள்ளிக்கூடத்துக்கு. பிரஷ்ஷுக்கு வேறு வரிசை. முதலில் ட, ப, ம, ய, ர: பெரும்பாலும் நேர்கோடும் மூலையும்தான். இவற்றில் நிற்கும் கோடும் படுக்கும் கோடும் சீராக வந்த பிறகு வ, ல, ள, ன, ண. இங்கேதான் சுழி வருகிறது. சுழியை ஒரே இழுப்பில் சுற்ற முயலாதீர்கள். மேலிருந்து இடப்பக்கமாக ஒரு அரை வட்டம், மறுபடி மேலிருந்து வலப்பக்கமாக ஒரு அரை வட்டம், இரண்டும் அடியில் சேரட்டும். உள்ளே விடும் வெற்றிடம் ன-வுக்கும் ண-வுக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ண-வுக்கு இடம் போதவில்லை என்று சுழியைச் சுருக்கினால் தூரத்திலிருந்து அது கறுப்புக் கட்டியாகத்தான் தெரியும். அதற்குப் பின் க, த, ச, ந, ஞ. இ, ஐ, ஜ, ஷ, ஸ்ரீ போன்றவை கடைசி. ‘ஸ்ரீ’ இந்தப் பக்கத்துக் கடைப் பெயர்களில் அடிக்கடி வரும், அதனால் அதை மட்டும் தனியாக ஒரு வாரம் பழகலாம்.

மேலே கீழே என்ன நடக்கிறது என்பதில்தான் தமிழ் போர்டின் அழகு. இரண்டு கோட்டுக்கு நடுவில் எழுத்தின் உடம்பு. மேலே புள்ளியும், கி, தி போன்றவற்றின் தலையில் வளையும் விலங்கும். கீழே கு, டு, ரு ஆகியவற்றின் இறக்கம். நூல் அடிக்கும்போதே நான்கு கோடு அடித்துவிடுங்கள். உடம்பு 6 அங்குலம் என்றால் மேலே 2, கீழே 2 விடுவது என் கணக்கு. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்று ஒரு பெயரை எழுதிப் பாருங்கள், மேலும் கீழும் எத்தனை இடம் பிடிக்கிறது என்று தெரியும். இடைவெளியை ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். ட-வின் வலப்பக்க மேல்பாதி காலியாக இருக்கிறது, அடுத்த எழுத்தை அதனிடம் கொஞ்சம் நெருக்க வேண்டும். ம-வும் ய-வும் பக்கத்தில் வந்தால் இரண்டு நேர்கோடு மோதும், கொஞ்சம் விலக்க வேண்டும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் படும்படி ரகரத்தின் அடிச் சாய்வைத் தைரியமாக இழுங்கள்.

பழைய கடைப் போர்டுகளில் யானைத் துதிக்கை போல வளைந்த லை, ளை, னை எழுத்துகளைப் பார்க்கலாம். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்ட பிறகு அவை போய் இணைக்கொம்பு வந்தது. பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் அப்படி அச்சடிக்கத் தொடங்கிவிட்டார். பெயிண்டர்கள் சிலர் அதற்குப் பிறகும் பழைய வடிவத்தை விடவில்லை, காரணம் கொள்கை அல்ல, அகலம். பழைய லை ஒரு எழுத்து இடத்தில் அடங்கும், புதிய லை இரண்டு இடம் கேட்கும். இன்று வாடிக்கையாளருக்கு அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள், இளைய தலைமுறைக்குப் படிக்க வராது. ஆனால் வரைந்து பழகுங்கள், வளைவு பிடிக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இரண்டு மொழிப் போர்டுக்குக் கடலூரில் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதம். பத்தடி உயரம் கிடைத்தால் பாதி தமிழுக்கு. புதுச்சேரிக்குப் போனால் வேறு பாடம். பழைய நகரத்துத் தெருக்களில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தாகப் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் துய்மா வீதி, சுஃப்ரேன் வீதிப் பக்கம் நோட்டோடு நடந்து, எந்தப் பலகையில் தமிழ் நெருக்கடியில் இருக்கிறது, எதில் நிம்மதியாக நிற்கிறது என்று வரைந்து கொண்டு வாருங்கள். ரோமன் பெரிய எழுத்துக்கு மேலும் கீழும் எதுவும் நீட்டாது. தமிழுக்கு நீட்டும். இரண்டுக்கும் ஒரே உயரம் கொடுத்தால் தமிழ் வரி பருத்துத் தெரியும், புள்ளியும் விலங்கும் பக்கத்து வரியில் இடிக்கும். தமிழின் உடம்பைக் கொஞ்சம் குறைத்து, விலங்கு ரோமன் எழுத்தின் தலைக்கு வரும்படி வைத்தால் சரியாக உட்காரும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக என்பதற்கு வழக்கமான கணக்கு: 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல உயரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் போகிறவர் 100 அடியிலிருந்து சிரமமில்லாமல் படிக்க 10 அங்குலம் வேண்டும்.

கடலோரத்தில் எழுதுகிறவருக்கு எழுதும் பரப்பைத் தயார் செய்வதுதான் முக்கால் வேலை. உப்புக் காற்று படிந்த தகட்டின் மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளிருந்து கொப்பளிக்கும், நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்ட பிறகுதான் உப்புத்தாள், ப்ரைமர் எல்லாம். துத்தநாகம் பூசிய புது ஜி.ஐ. தகட்டின் மேல் எனாமலை நேராக அடிக்கவே கூடாது. துத்தநாகத்தோடு எனாமலில் உள்ள எண்ணெய் சேர்ந்து சோப்பாகிவிடும், ஒரு மழைக்காலம் தாண்டியதும் தோல் தோலாக உரியும். அதற்கென்று இருக்கும் எட்ச் ப்ரைமர் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் படகில் அச்சிலிருந்து வந்த மெழுகு இருக்கும், துடைத்துத் தேய்க்காமல் எழுதினால் பெயர் கடலிலேயே தங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் மாலை 4 மணிக்கு மேல் வெளியில் எனாமல் போடாதீர்கள், பனி இறங்கிப் பளபளப்பு செத்துப் போகும்.

சரி, ஏர்பிரஷ். இந்தக் கருவி வளர்ந்ததே புகைப்படக்காரர்களிடம்தான் என்று சொல்லலாம். 1870-களின் கடைசியில் அமெரிக்காவில் அப்னர் பீலர் செய்தது முதல், 1890-களில் சார்லஸ் பர்டிக் செய்த கன் வரை, போட்டோவுக்கு டச்சப் செய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. இன்றைய கன்னின் அமைப்பு பர்டிக் செய்ததிலிருந்து பெரிதாக மாறவில்லை.

எழுத்து பழகும் அதே ஆறு மாதத்தில் பக்கத்திலேயே பென்சிலில் நிழல் பழகுங்கள். நிறம் வேண்டாம். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து படி. ஒரு முட்டை, ஒரு சொம்பு, பிறகு வீட்டில் ஜன்னலோரம் உட்காரும் ஒருவர். கண்ணை இடுக்கிப் பார்த்தால் விவரம் போய் நிழல் மட்டும் நிற்கும். அந்த நிழலின் வடிவத்தை முதலில் வரையுங்கள், இமையும் புருவமும் காத்திருக்கட்டும். ஐந்து படியில் முகம் அடையாளம் தெரிகிறது என்ற நிலை வந்ததும் கன் வாங்கலாம்.

வாங்கும்போது டபுள் ஆக்‌ஷன், மேலே கப் உள்ளது, 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளியே வரும் நுனித் துளை). விசையை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். சிங்கிள் ஆக்‌ஷன் (அமுக்கினால் இரண்டும் ஒன்றாக வரும்) மலிவு, ஆனால் முகத்துக்கு உதவாது. ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், அமெரிக்காவின் பேட்ஜர் எல்லாம் நல்ல பெயர்கள். தொடக்கத்துக்கு மலிவான சீனக் கன் போதும், நீடிலும் (உள்ளே இருக்கும் ஊசி) நாசிலும் உதிரியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தைக் கம்ப்ரஸரில் போடுங்கள். டேங்க் உள்ளது, அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் உள்ளது. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரைக் கழற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. சத்தம் குறைவுதான், ஆனால் காற்றோடு எண்ணெய் வரும், முகத்தின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தால் தாளை மாற்ற வேண்டியதுதான்.

நம் ஊரில் எண்ணெயைவிடப் பெரிய எதிரி தண்ணீர். கடலோரக் காற்றை அழுத்தினால் ஈரம் பிரிந்து குழாயில் தங்கும், ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்று கம்ப்ரஸரில் இருந்தாலும் கன்னுக்குப் பக்கத்தில் இன்னொன்று மாட்டுங்கள், ஏனென்றால் காற்று குழாயில் வரும் வழியில்தான் குளிர்ந்து நீராகிறது. தினமும் வேலை முடிந்ததும் டேங்க் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை விட்டுவிடுங்கள்.

அக்ரிலிக் நிறத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, நைலான் துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். நுண்ணிய வேலைக்குக் காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ., பரவலாக அடிக்க 25 முதல் 30. துணியில் அடிக்கும் நிறம் கெட்டி, அதற்கு இன்னும் கூடும். புள்ளி புள்ளியாக மணல் மாதிரி விழுந்தால் பெயிண்ட் கெட்டி அல்லது காற்று போதவில்லை. சிலந்திக் கால் மாதிரி ஓடினால் பெயிண்ட் தண்ணீர் அல்லது கன் ரொம்பக் கிட்டே. இடையிடையே துப்பினால் நீடில் முனையில் பெயிண்ட் காய்ந்திருக்கிறது, ஈரப் பிரஷ்ஷால் மெல்லத் தொட்டு எடுங்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். வளைந்த நீடிலோடு ஒரு கோடும் நேராக வராது.

விரலுக்கு ஒரே சட்டம்: காற்று முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். பெயிண்ட் நடுவில் வந்து நடுவிலேயே நிற்க வேண்டும். இது தானாக வரும்வரை முகம் வேண்டாம். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு மூலையிலும் ஒரே அளவுப் புள்ளி. புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு. தடித்துத் தொடங்கி முடி அளவுக்கு மெலிந்து முடியும் கோடு. பிறகு ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெள்ளையில் கரையும் சதுரம். மெல்லிய கோட்டுக்குத் தாளிலிருந்து 1 செ.மீ.க்குள், பரப்புக்கு 10 முதல் 15 செ.மீ. இந்தச் சதுரம் சலிப்பாகத்தான் இருக்கும். நன்றாக வந்துவிட்டால் நெற்றியும் கன்னமும் உங்கள் கையில்.

முதல் முகங்கள் ஒரே நிறத்தில் இருக்கட்டும். சீப்பியா அல்லது கறுப்பு. அளவு பெரிதாக்கக் கட்டம் போடும் முறையே போதும், கட்அவுட் போட்ட காலத்தில் முப்பதடி முகங்களும் அப்படித்தான் எழுந்தன. திரும்பத் திரும்ப வேண்டிய படமென்றால் கோட்டுப் படத்தை ஊசியால் குத்தி, கரித்தூள் கட்டிய துணி முடிச்சால் தட்டி இறக்கலாம். ஓரம் தேவைப்படும் இடத்தில் மட்டும் தாள் வெட்டி மறைப்பு வையுங்கள்: தாடை, சட்டைக் காலர், மூக்கின் அடி. மறைப்பைத் தாளோடு ஒட்டினால் ஓரம் கூர்மை, கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் மென்மை. நிறத்துக்கு வரும்போது மங்கலில் தொடங்கி அடர்த்திக்குப் போங்கள். நம் தோலுக்கு யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் அடிப்படை. உதட்டுக்கும் காதுக்கும் கொஞ்சம் சிவப்பு. நிழலில் கறுப்புக்குப் பதில் அம்பரோடு அல்ட்ராமரின் நீலம். கறுப்பு ஊற்றிய நிழல் கரி பூசியதாகத் தெரியும். வெள்ளையைக் கடைசியில் மேலே தெளிப்பது இன்னொரு வலை: கறுத்த தோலின் மேல் தெளித்த வெள்ளை நீலம் பாய்ந்து சாம்பலடிக்கும். மினுக்கு வேண்டிய இடத்தில் தாளின் வெள்ளையை விட்டு வையுங்கள், அல்லது கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். நரைமுடியும் மீசை நுனியும் சுரண்டலில் வருவது போல எந்தக் கன்னிலும் வராது.

உருவப்படத்துக்கு இந்தப் பக்கம் வரும் வேலையில் பெரும்பங்கு படத்திறப்புக்கு. கையில் கொடுப்பது வாக்காளர் அட்டையிலிருந்தோ கல்யாணக் கூட்டத்திலிருந்தோ வெட்டிய தீப்பெட்டி அளவுப் படமாக இருக்கும். இன்னும் நாலு படம் கேளுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வகிடு எந்தப் பக்கம், விபூதியா நாமமா வெறும் நெற்றியா, மச்சம் உண்டா, கண்ணாடி எப்போதும் போடுவாரா என்று வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிட்டே பிடித்து எடுத்த செல்ஃபியை அப்படியே பெரிதாக்காதீர்கள், மூக்கு பெருத்துக் காது பின்னால் போயிருக்கும். நிழல் வரைவு முடிந்ததும், நிறம் ஏற்றுவதற்கு முன், வீட்டுப் பெண்களில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். “எங்கப்பா இவ்ளோ கோவமா இருக்க மாட்டாரு” என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் புருவத்துக்கும் இமைக்கும் நடுவில் உள்ள அரை மில்லிமீட்டரைப் பற்றித்தான்.

மூச்சு விஷயத்தில் விளையாடாதீர்கள். தண்ணீரில் கரையும் நிறத்துக்கே முகக்கவசம் வேண்டும். தின்னர் கலந்த பெயிண்டைத் தெளிக்க என்95 போதாது, ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள கவசம் வேண்டும். காட்மியம் என்று போட்ட நிறங்களைப் பிரஷ்ஷால் தடவலாம், தெளிக்கக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயிண்டுக்கு அது பொருந்தாது, பழைய போர்டுகளின் மஞ்சளுக்கும் பொருந்தாது. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது ஈரம் வைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது.

எங்கே கற்பது? பட்டம் வேண்டுமென்றால் புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வேலைக்குப் போய்க்கொண்டே என்றால் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் எழுதலாம், வரைதல் ஒழுங்குக்கு வரும். ஆனால் போர்டு எழுத்தை எந்த வகுப்பும் முழுதாகச் சொல்லித் தராது. கடலூரில் இன்னும் பிரஷ் பிடிக்கும் மூத்த பெயிண்டர்கள் இருக்கிறார்கள். “கத்துக்கொடுங்க அண்ணே” என்று போய் நிற்பதைவிட, “உள்ளே நிரப்புற வேலை குடுங்க அண்ணே” என்று நில்லுங்கள். சொந்தப் பிரஷ் கொண்டு போங்கள். அவர் ஓரம் கட்ட, நீங்கள் நிரப்ப, சாயங்காலம் பிரஷ் கழுவ. சில மாதத்தில் ஓரத்தையும் கொடுப்பார். கேட்க நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், பலவற்றைக் கரையேற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், பெயரும் பதிவு எண்ணும் புதிதாக எழுத ஆள் தேடுவார்கள். வெயிலும் நன்றாகக் காயும்.

பிழைப்பு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஃப்ளெக்ஸ் கொண்டுபோன பேனர் வேலை திரும்பாது. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வந்து அந்த வேலையும் போயிற்று. மிச்சம் இருப்பது படகு, கோயில், லாரி, டிராக்டர், பள்ளிக்கூடச் சுவர். ஏறிக்கொண்டிருப்பது புதுச்சேரியின் உணவகங்களும் தங்கும் விடுதிகளும் கேட்கும் கையால் எழுதிய போர்டு, ஹெல்மெட்டும் பைக் டேங்கும். முதல் இரண்டு வருஷம் இதை மட்டும் நம்பி வேலையை விடாதீர்கள்.

போர்டுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். சின்ன போர்டில் எழுத்து நிறைய இருந்தால் எழுத்துக் கணக்கில் பேசுங்கள், இல்லாவிட்டால் கூலி கட்டாது. பாதி முன்பணம். எழுத வேண்டிய வாசகத்தைக் கடைக்காரர் கையாலேயே தாளில் எழுதி வாங்கி, ஒற்று, ற, ர எல்லாம் நீங்கள் ஒருமுறை திருத்திக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகு நூல் அடியுங்கள்.